இரண்டு பேருக்கும் ஒரு சோடி

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, குளிர்காலம் தொடங்கியிருந்த நேரம். லண்டனில் மிச்சம் என்று பெயர் கொண்ட ஊர்ப்பக்கம், ட்ராம் பாதைக்குக் கிட்ட ஒரு வரிசை வீட்டில் அம்மாவும் அண்ணையும் நானும் இருந்தோம். அண்ணை தெருமுனையில் ஒரு கடை வைத்திருந்தார். நான் கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ஓரிடத்தில் இருக்க மட்டும் வரவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். பஸ் கொஞ்சம் தாமதித்தால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்துவிடுவேன். போனில் பேசினால் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே பேசுவேன். "உனக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கு" என்பார் அம்மா.

இப்படிப்பட்டவளுக்குப் பனிச்சறுக்கில் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. அலுவலகத்தில் கூட வேலை செய்தவர்கள் வருடா வருடம் ஆல்ப்ஸ் மலைக்குப் போய், மூக்கு வெந்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வருவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் பொறுக்கவில்லை. நகரத்துக்கு வெளியே, பிளாஸ்டிக் தும்பு விரித்த ஒரு செயற்கைச் சரிவில் ஸ்கீ பழகச் சேர்ந்தேன். அங்கே போக ரயிலும் இல்லை, ட்ராமும் இல்லை. அண்ணைதான் கடைக்குச் சாமான் ஏற்றும் வான் வண்டியில் கொண்டுபோய் விடுவார். முதல் வாரம் வானுக்குள் பேப்பர் படித்தார். அடுத்த வாரம் வேலி ஓரம் வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் "எனக்கும் ஒருக்காச் சொல்லித்தரச் சொல்லு" என்றார். பிறகு என்னை விட அவருக்குத்தான் பைத்தியம் முற்றியது.

அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து முதலில் லண்டன் வந்தவர் அவர், அகதியாக, தனியாக. எங்களைக் கூப்பிட்டது பிறகு. அவருடைய கேஸ் இழுபட்டு இழுபட்டு, பல வருடங்கள் இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாமல் இருந்தார். பாஸ்போட் கைக்கு வந்து அப்போதுதான் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதை அலுமாரியில் ஒரு சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். எங்கேயும் போகவில்லை. கடையை யார் பார்ப்பது என்பதே பேச்சு. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் அந்தப் பிளாஸ்டிக் மேட்டின் உச்சியில் நின்று, "உண்மையான மலையில நிண்டு ஒருக்காப் பாக்கோணும்" என்று சொன்னபோது நான் விடவில்லை. மறுநாளே பெப்ரவரி மாதத்தில் ஒரு வாரத்துக்குப் பிரான்சில் இடம் பதிந்துவிட்டேன். கடையைப் பார்க்க அண்ணையின் சினேகிதர் ஒருவர் சம்மதித்தார். அண்ணையின் வாழ்க்கையில் முதல் விடுமுறை அது.

சரி, மலை நிச்சயமாகிவிட்டது. வாடகை ஸ்கீ வேண்டாம், சொந்தமாக வாங்குவோம் என்றேன். அங்கே ஆரம்பித்தது என் வேதனை.

ஸ்கீ என்றால் நீளப் பலகை, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை. இயந்திரம் வைத்து அமத்தி வாரிவிட்ட பாதையில் வெட்டித் திரும்ப ஒடுங்கலான பலகை வேண்டும். இரவில் கொட்டிய புதுப்பனியில் அது புதைந்துவிடும், அதற்கு அகலமானது வேண்டும். சின்னச் சின்ன வித்தை காட்ட, பின்பக்கமாகச் சறுக்க, ட்வின் டிப் என்று ஒன்று இருந்தது. அதில் முன் நுனி மாதிரியே பின் நுனியும் வளைந்து நிமிர்ந்திருக்கும். எனக்கு எது வேண்டும்? எல்லாம் வேண்டும். பாதையும் வேண்டும், புதுப்பனியும் வேண்டும், பின்பக்கமாகவும் போகவேண்டும். இன்னும் ஒழுங்காக நிற்கவே தெரியாது, அது வேறு கதை.

கணினியில் யாரோ முகம் தெரியாதவர்கள் அடித்துக்கொண்ட வாதங்களையெல்லாம் வாசித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை கடையாக நடந்தேன். பலகையின் இடுப்பு அகலத்தை விரலால் அளந்து பார்ப்பேன். காலையில் ஒன்றை முடிவு செய்தால் பின்னேரம் மனம் மாறிவிடும். சோற்றைப் பிசைந்தபடி அகலம் கூடினால் திரும்புவது கஷ்டமாம் என்பேன். அம்மாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"மாப்பிளை பாத்தால் படத்தைத் திருப்பியும் பாக்காமல் வேண்டாம் எண்டுவாய். ரெண்டு பலகைக்கு இந்தப் பாடு!"

அண்ணை சிரித்த சிரிப்பில் புரையேறியது.

கடைசியில் ட்வின் டிப்தான் என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தேன். அதிலும் ரொம்ப அகலமில்லாமல், ரொம்ப ஒடுக்கமில்லாமல், பாதையிலும் ஓடும், பனியிலும் மிதக்கும், ஆசைக்கு ஒரு துள்ளலும் துள்ளலாம் என்று எல்லோரும் சொன்ன ஒரு வகை. அண்ணையிடம் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாத்துக்கும் சரிவருமெண்டால் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டு காணும்" என்றார். ஒரு சோடியே போதுமாம்.

இது கஞ்சத்தனம் இல்லை. அண்ணையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தனக்கென்று தனியாக ஒரு பொருள் வாங்க அவருக்கு வராது. லண்டன் வந்த முதல் குளிரில் அவருடைய கோட்டைத்தான் நான் போட்டேன், கை மடித்து. அவருடைய கணினியில்தான் படித்தேன். கடையில் ஒரு புது பிஸ்கட் வந்தால் உடைத்துப் பாதி எனக்கு வரும், நான் வேண்டாம் என்றாலும் வரும். தனித்தனி என்ற சொல்லே அவருக்குக் கசக்கும். அதனால் எனக்கென்று ஒரு சோடி வேண்டும் என்பது நாக்கு நுனி வரை வந்தும் நான் விழுங்கிவிட்டேன். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அண்ணை நல்ல உயரம், நல்ல பருமன். நான் அவர் தோள் வரைக்கும் வரமாட்டேன், நிறையிலும் அவரில் பாதிதான். அவருக்குச் சற்றே குட்டை, எனக்குச் சற்றே நீளம் என்று நடுவில் ஒரு அளவை எடுத்தோம். விற்பனையாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சப்பாத்தைப் பலகையோடு கவ்விப் பிடிக்கும் பூட்டில் இரண்டு காரியங்கள் உண்டு என்று விளக்கினார். ஒன்று சப்பாத்தின் நீளம். அதை நெம்பு என்கிற சின்னப் பிடியைத் தூக்கி நாங்களே மாற்றலாம். மற்றது, விழும்போது எவ்வளவு விசையில் பூட்டு திறந்து காலை விடவேண்டும் என்பது. அது ஆளின் நிறையைப் பொறுத்தது. ஆள் மாறினால் அதையும் திருகி மாற்ற வேண்டும், தெரிந்தவர்கள்தான் மாற்ற வேண்டும் என்றார்.

அண்ணை "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன். கடைக்காரர் ஆங்கிலத்தில் விளக்கும்போது எங்கள் ஆட்களின் தலை தானாக ஆடும். புரியாமல் அல்ல, இடைமறித்துக் கேட்டால் மரியாதையில்லை என்ற ஒரு பழக்கம். நெம்பைத் தூக்கி நீளத்தை மாற்றுவது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது விஷயம் எங்கள் இருவரின் காதையும் தாண்டிப் போய்விட்டது. பூட்டு அண்ணையின் நிறைக்கு இறுக்கப்பட்டது. நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

புது வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் எங்கள் வீட்டில் ஓட்டமாட்டோம். இதுவும் ஒருவிதத்தில் வாகனம்தானே என்றார் அம்மா. வெள்ளிக்கிழமை ஸ்கீயை வானில் ஏற்றிக் கோயில் வாசலில் சாத்தி வைத்தோம். ஐயர் பூத்தட்டோடு வந்து இரண்டு பலகைகளையும் மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உதில முன்பக்கம் எது? பொட்டு எங்க வைக்கிறது?" என்று கேட்டார். இரண்டு நுனியும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் மனிதர் என்ன செய்வார்? அண்ணை யோசித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் வையுங்கோ ஐயா, எப்பிடியும் போகும்" என்றார். இரண்டு பக்கமும் சந்தனம், குங்குமம். வரிசையில் காரோடு நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பிரான்சுக்குப் போகுமுன் உண்மைப் பனியில் ஒருமுறை பழகிப் பார்க்க ஆசை. லண்டனை விட்டு வெளியே, கூரைக்குள் பனி கொட்டி வைத்த ஒரு சரிவு இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் போனோம். அங்கேயே இன்னொரு சோடி வாடகைக்கு எடுத்திருக்கலாம். "எங்கட இருக்கே" என்றார் அண்ணை. ஆகவே முறை வைத்துச் சறுக்கினோம். முதல் முறை அவர். ஆட்களை மேலே இழுத்துச் செல்லும் கம்பிவடத்தைப் பிடித்துப் போய், கையை விரித்துக்கொண்டு ஆடி அசைந்து இறங்கி வந்தார். நான் அடிவாரத்தில் கனத்த சப்பாத்தோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். காத்திருப்பது எனக்கு எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அவர் வந்ததும் குனிந்து, நெம்பைத் தூக்கி, பூட்டை என் சப்பாத்து நீளத்துக்குத் தள்ளி, காலை வைத்து மிதித்தேன். 'டக்' என்று கவ்வியது. நல்ல இறுக்கம். அது எனக்குத் தைரியமாகக்கூட இருந்தது.

முதல் தடவை ஒழுங்காக இறங்கினேன். அடுத்த முறை பின்பக்கமாகக் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது. அதற்காகத்தானே இந்தப் பலகை? சரிவின் பாதியில் திரும்பினேன். சில கணங்கள் பின்பக்கமாகப் போனேன், உண்மையாகவே போனேன், சிரிப்பு வந்தது. அதோடு இடது பலகையின் விளிம்பு பனியில் குத்தியது.

உடம்பு ஒரு பக்கம் போனது. பலகை வரவில்லை. காலை அது விட்டிருக்க வேண்டும். பயிற்சியில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பலகை கழன்று தன் பாட்டில் போய்க் கிடக்கும். இந்த முறை அது விடவேயில்லை. முழங்காலுக்குள் ஏதோ முறுகி முறுகி, இதற்கு மேல் போக இடமில்லை என்கிற ஓர் எல்லைக்கு வந்து நின்றது. நான் கத்தினேன். அம்மா என்றுதான் கத்தினேன்.

கிடந்தபடி காலை அசைத்தேன், வலியில் உயிர் போனது. நீளப் பலகை பனிக்குள் பாய்ந்து நின்று என் காலைக் கோணலாகப் பிடித்து வைத்திருந்தது. மேலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாராவது ஏறிவிடுவார்கள் என்ற பயம். இனி நடக்க முடியாது என்ற பயம் அதைவிடப் பெரிது. கேட்டால் சிரிப்பீர்கள், அந்த நேரத்தில் எனக்கு மலை நினைவுக்கு வரவில்லை. வீட்டிலிருந்து ட்ராமுக்கு நான் நடக்கிற பாதைதான் கண்ணுக்குள் வந்தது.

எனக்கு மேலே ஒருவர் சட்டென்று வந்து நின்றார். அம்மாவின் வயதிருக்கும், வெள்ளைக்காரப் பெண்மணி. தன் ஸ்கீ இரண்டையும் கழற்றி மேல்பக்கம் பனியில் குறுக்காகக் குத்தி வைத்தார், வருகிறவர்கள் விலகிப் போவதற்கு. பிறகு என் பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் பலகையைத் தன் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தார். மூச்சை விடு, அசையாதே, நான் இருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகே தன் சறுக்குக் கோலின் நுனியால் குதிகால் பக்கத்துப் பூட்டை அமத்தினார். முழுப் பாரத்தையும் கொடுத்து அமத்த வேண்டியிருந்தது. கால் விடுபட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பூட்டின் விசையைக் காட்டும் இலக்கத்தைக் குனிந்து பார்த்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். இது யாருடையது என்று கேட்டார். பதில் சொல்ல அவசியம் இருக்கவில்லை. கீழேயிருந்து அண்ணை அந்தக் கனத்த சப்பாத்தோடு, வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, நண்டு மாதிரி மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஊழியர்கள் சத்தம் போட்டுத் தடுத்தார்கள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. "தங்கச்சி, தங்கச்சி" என்று அவர் போட்ட கூச்சல் அந்தக் கூரைக்குள் எதிரொலித்தது.

வந்து சேர்ந்தவரிடம் அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. இலக்கத்தைக் காட்டினார். இது உனக்குச் சரி, இவள் உன்னில் பாதி, இந்தப் பூட்டு இவளை நீ என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அண்ணை பதற்றத்தில் அவரிடம் தமிழிலேயே "ஓம், ஓம்" என்றார். இந்தமுறை அது பழக்கத்தில் ஆடிய தலை இல்லை. முகம் வெளிறிப் போயிருந்தது.

முதலுதவிக்காரர்கள் சறுக்கு வண்டியில் என்னைக் கீழே கொண்டுபோனார்கள். அந்தப் பெண்மணியும் கூடவே வந்தார். கன்டீனில் என் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிவிட்டு, சீனி கூடப் போட்டு ஒரு தேநீர் வாங்கித் தந்தார். அண்ணைக்கும் ஒன்று வாங்கினார், எனக்கு முன்னால் அவரைக் குடிக்க வைத்தார். தன் சறுக்கு நேரம் முழுவதையும் எங்களோடு வீணாக்கிவிட்டு, வானில் என்னை ஏற்றும் வரை நின்று, கையசைத்துப் போனார். பெயர் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தசைநார் இழுபட்டிருந்தது, அறுபடவில்லை. இன்னும் கொஞ்சம் முறுகியிருந்தால் அறுந்திருக்கும், ஆபரேஷன்தான் என்றார் டொக்டர். பல கிழமைகள் காலை ஊன்றக் கூடாது. பெப்ரவரி மலைப் பயணம் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? நான் சோபாவில், கால் ஒரு ஸ்டூலில். டிவியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கைப்பிடித் துணியில் நூலைப் பிடுங்கினேன். ட்ராம் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பப் பார்த்தேன். அம்மா அதட்டுவார். நானும் திருப்பி அதட்டுவேன். வீட்டில் என்னோடு இருந்தவர்களுக்குத்தான் உண்மையான தண்டனை.

ஒரு காலை, நடையில் நின்று அண்ணை தணிந்த குரலில் போன் பேசுவது கேட்டது. பயணத்தை ரத்துச் செய்ய என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி நடைக்குப் போய்விட்டேன்.

"போனை வையுங்கோ அண்ணை."

"நீ இல்லாமல் எனக்கென்ன மலை? அடுத்த வருசம் ரெண்டு பேரும் போவம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வருடம் கடையைக் காட்டி ஒரு சாட்டு வரும், அதற்கடுத்த வருடம் இன்னொன்று. எனக்கு அவரைத் தெரியாதா? இத்தனை வருடம் விழுங்கியதெல்லாம் அன்று வெளியே வந்தது.

"உங்களுக்குச் சரியானது எனக்கும் சரி எண்டு நினைச்சுத்தான் இந்தக் கால் வீங்கிக் கிடக்கு. இப்ப எனக்கு ஏலாதது உங்களுக்கும் ஏலாதெண்டால், அது திரும்பவும் அதே பிழைதான் அண்ணை. என்ர கால்தான் நோகுது. உங்கட கால் நோகேல்லை."

சொன்னதும் எனக்கே பயமாகிவிட்டது. அவரோடு அப்படிப் பேசியதில்லை. போனில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். குசினி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றார். அண்ணைக்குத்தான் பரிந்து பேசப்போகிறார் என்று நினைத்தேன். "அவள் சொல்லுறது சரி. நீ போ. இவளை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணை போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வந்து கொடுத்தார்.

ஆனால் போனார். அந்த ட்வின் டிப்பைத் தோளில் சாத்திக்கொண்டு, தன் நிறைக்கு இறுக்கிய பூட்டோடு, சேலைக்குள் இருந்த பாஸ்போட்டைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தனியாகப் போனார்.

நடுவில் ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்தால் காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு அவருடைய மூச்சு.

"தங்கச்சி, உச்சியில நிக்கிறன். அங்கால தெரியிறது இத்தாலியாம். இஞ்சால நிக்கிறது பிரான்ஸ். நடுவில கோடு ஒண்டும் இல்லையடி. பாஸ்போட் கேக்கிறதுக்கு ஆளும் இல்லை. சும்மா வெள்ளையா இருக்கு."

பிறகு காற்றுக்குள் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. நான் அங்கே இல்லையே என்று ஒரு துளி வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அடுத்த குளிருக்கு நான் எனக்கென்று ஒரு சோடி வாங்கினேன். என் நிறையை வாய்விட்டுச் சொல்லி, கேள்வி மேல் கேள்வி கேட்டதில் கடைக்காரருக்கே அலுத்துப் போனது. அண்ணைக்கும் எனக்கும் இடையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிஸ்கட்டில் பாதி இப்போதும் வருகிறது. ஆனால் எங்கள் வாழ்க்கையில் அண்ணை எனக்குப் பங்கு போடாமல் முழுதாகத் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அந்த மலைதான், அவர் எனக்குப் பிய்த்துத் தந்த எல்லாவற்றையும் விட அதுதான் எனக்கு இன்றுவரை இனிக்கிறது.